கைவிடப்பட்ட ஊர் இருந்த வயல்: காசு தேடுகிறேன், ஈய உருண்டைதான் வருகிறது

தூர்ந்தகிணறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மெட்டல் டிடெக்டர் வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. நண்பரின் குடும்ப வயலில் தேடிக்கொண்டிருக்கிறேன். அதன் மேற்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் சின்ன ஊர் இருந்திருக்கிறது. இப்போது வீடு எதுவும் இல்லை. லேசான மேடு, தூர்ந்துபோன ஒரு கிணறு, உழும்போது மேலே வரும் பானை ஓடுகள், இவ்வளவுதான் மிச்சம். ஊர் ஏன் காலியானது என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இதுவரை நான்கு நாள் தேடியிருக்கிறேன். ஆணி, லாடத் துண்டு, டிராக்டர் போல்ட் எல்லாம் ஏராளம். அவற்றுக்கு நடுவே ஒரு பித்தளைப் பக்கிள், ஒரு தட்டைப் பொத்தான், முழுக்கப் பச்சைக் களிம்பு ஏறிய ஒரு செப்புக் காசு. வெள்ளைப் பூச்சு படிந்த மூன்று ஈய உருண்டைகளும் கிடைத்தன. அவற்றைக் குப்பை என்று நினைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

காசில் எழுத்து இருப்பது போலத் தெரிகிறது. களிம்பை எப்படி எடுப்பது? காசு 15 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது. மேட்டில் இன்னும் ஆழமாகத் தோண்டினால் பலன் உண்டா? இன்னொன்று, கிணற்றடியில் டிடெக்டர் விடாமல் முனகுகிறது, ஒரே இரும்புச் சத்தம். இரும்பின் சத்தம் கேட்காதபடி டிடெக்டரில் அதை முழுக்க அடைத்துவிட்டுத் தேடலாமா?

செப்புக்காசு எழுதியது:

தம்பி, முதலில் அந்தக் காசைக் கையில் எடுக்காதீர்கள். சொல்வது நான் செய்த தவறிலிருந்து.

பதினைந்து வருடத்துக்கு முன் எனக்குக் கிடைத்த இரண்டாவது காசு, உங்களுடையதைப் போலவே பச்சைப் பூத்திருந்தது. ஒரு பக்கம் தலை, சுற்றிலும் எழுத்து, அரைகுறையாகத் தெரிந்தது. வினிகரில் ஒரு ராத்திரி போட்டுவைத்தேன். காலையில் பளபளவென்று செம்பு நிறத்தில் ஒரு வில்லை இருந்தது. தலை இல்லை, எழுத்தும் இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்தால் செம்பின் மேல்தோல் தாதுவாக மாறிவிடுகிறது. அச்சில் அடித்த எழுத்து பல சமயம் அந்தக் களிம்புப் படலத்தில்தான் தங்கியிருக்கும், உள்ளே இருக்கும் உலோகத்தில் இருக்காது. படலத்தைக் கரைத்தால் எழுத்தும் கரைந்துவிடும். எலுமிச்சை, புளி, வினிகர், பல் துலக்கும் பேஸ்ட், கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். விளக்கிப் பளபளப்பாக்கிய காசைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் வலிக்கும்.

ஒட்டியிருக்கும் மண் போக வேண்டுமானால் காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து, மென்மையான தூரிகையால் மெதுவாகத் தட்டி எடுங்கள். மண் நகராவிட்டால் விட்டுவிடுங்கள். இருட்டறையில் ஒரு பக்கமிருந்து சாய்வாக டார்ச் அடித்துப் படம் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழலில் எழும்பி வரும்.

ஒன்றை மட்டும் தினமும் கவனியுங்கள். கரும்பச்சை, கெட்டியான, வழவழப்பான களிம்பு நல்லது. வெளிர்பச்சையாக, பவுடர் போல உதிரும் புள்ளிகள் வந்தால் அதை வெண்கல நோய் என்பார்கள். உள்ளே இருக்கும் குளோரைடு காற்று ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது என்று அர்த்தம். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல்லோடு தனியாக வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதிலிருந்து கசிவதும் காசைக் கெடுக்கும்.

புதுமண் எழுதியது:

எதற்கு இவ்வளவு பயம்? பேட்டரி சார்ஜரும் உப்புத் தண்ணீரும் வைத்து எலக்ட்ரோலிசிஸ் செய்தால் பத்து நிமிடத்தில் களிம்பு போய்விடும். நான் நிறைய செய்திருக்கிறேன். மேட்டைப் பற்றிக் கேட்டீர்களே, ஊர் இருந்த இடம் என்றால் நல்ல பொருளெல்லாம் கீழேதான் இருக்கும். ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். எப்படியும் மண்ணுக்குள் அழுகத்தான் போகிறது.

செப்புக்காசு எழுதியது:

எலக்ட்ரோலிசிஸ் சமீபத்திய இரும்புக் கருவிகளுக்குச் சரி. பழைய செப்புக் காசுக்கு அது என் வினிகரை விட வேகமான வினிகர், அவ்வளவுதான்.

மண்ணடுக்கு எழுதியது:

அகழாய்வுக் குழிகளில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. மன்னியுங்கள்.

முதலில் சட்டம். தூர்ந்தகிணறு எந்த நாட்டில் இருக்கிறார் என்று சொல்லவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் எல்லாமே அதைப் பொறுத்துத்தான். அயர்லாந்தில் அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேட டிடெக்டரைப் பயன்படுத்துவதே குற்றம். இங்கிலாந்தில் நில உரிமையாளர் சம்மதித்தால் தேடலாம். ஆனால் பாதுகாக்கப்பட்ட நினைவிடத்தில் அனுமதியின்றி டிடெக்டரை எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேல் பழைய தங்கம் அல்லது வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசு, சிற்பம் போன்றவை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வரும். 'சும்மா நம்ம வயல்தானே' என்று எந்த நாட்டிலும் நினைக்க முடியாது. அதனால் கேட்கிறேன், அனுமதி இருக்கிறதா?

அடுத்தது மேடு. புதுமண் சொன்ன ஒரு முழத்தைத் தயவுசெய்து தோண்டாதீர்கள். ஏர் போகும் ஆழம் பொதுவாக 20 முதல் 25 செ.மீ. அதற்கு மேலே இருப்பது பலமுறை புரட்டப்பட்ட மண். அதற்குக் கீழேதான் தரை, அடுப்பு, சுவரின் அடித்தளம், குப்பைக்குழி எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். எது எதன் மேல் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்கிறோம். எரிந்த தரைக்கு மேலே ஒரு காசு கிடந்தால், ஊர் எரிந்த காலத்தை நெருங்கிவிடலாம். அதே காசு உங்கள் மேசையில் இருந்தால் அதற்கு வயது மட்டும்தான் உண்டு. 'ஊர் ஏன் காலியானது' என்று கேட்டீர்களே, அதற்கான பதில் அந்தக் கீழ் அடுக்கில்தான் இருக்கிறது. அதை ஒரு முறைதான் திறக்க முடியும்.

தூர்ந்தகிணறு எழுதியது:

அக்கா, இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நண்பரின் தந்தையிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறேன். எங்கள் பகுதித் தொல்லியல் அலுவலகத்திலும் கேட்டேன். இந்த நிலம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லை, உழவு ஆழத்துக்குக் கீழே போகக் கூடாது, கிடைப்பதையெல்லாம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று எழுதித் தந்தார்கள். கிடைக்கும் பொருள் யாருக்கு என்பதையும் நண்பர் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி எழுதிக்கொண்டோம்.

ஆனால் கீழ் அடுக்கு இப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாது. மேட்டில் தோண்ட மாட்டேன்.

சுருள்_12 எழுதியது:

இரும்புக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

டிடெக்டரின் வட்டுக்குள் இரண்டு சுருள். ஒன்று காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அதிலிருந்து திரும்பி வரும் புலத்தை இன்னொரு சுருள் பிடிக்கிறது. போனதற்கும் வந்ததற்கும் உள்ள கால இடைவெளியை வைத்துத்தான் திரையில் எண் வருகிறது. வெள்ளி, தடித்த செம்பு உயர்ந்த எண். சின்ன ஆணி தாழ்ந்த எண். ஆனால் அந்த எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை. அளவு, தடிமன், படுத்திருக்கும் சாய்வு எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு அது. ஈய உருண்டை, அலுமினியத் துண்டு, மெல்லிய தங்க மோதிரம் மூன்றும் பக்கத்துப் பக்கத்து எண்களில் வரும். எண்ணைப் பார்த்து 'குப்பை' என்று கடந்துபோகிறவர்கள் எதையெல்லாம் விட்டுப்போகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

இரும்பை அடைத்தால் என்ன ஆகும்? ஆணிக்குப் பக்கத்தில் காசு கிடந்தால் டிடெக்டர் இரண்டையும் ஒரே பொருளாகக் கேட்கும். இரும்பை அமைதியாக்கினால் காசும் சேர்ந்து அமைதியாகிவிடும். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடம்பில் தங்கிய துப்பாக்கிக் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்துகொண்டு போனார். குண்டு கிடைக்கவில்லை. படுக்கையில் இருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். கிணற்றடியில் உங்களுக்கு நடப்பதும் அதுதான்.

அதனால் எல்லா உலோகமும் கேட்கும் நிலையில் வைத்துக்கொண்டு காதை நம்புங்கள். சின்ன வட்டை மாட்டுங்கள், 15 செ.மீ. அகலம் போதும். சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் இறக்குங்கள். மிக மெதுவாக, ஒரு அடி அகலத்துக்குள் மட்டும் ஆட்டுங்கள். முனகலுக்கு நடுவே ஒரு பக்கமிருந்து மட்டும் கீச்சென்று உயர்ந்த ஒலி வந்தால், 90 பாகை திரும்பி நின்று மறுபடி ஆட்டுங்கள். இரண்டு திசையிலும் ஒலி அதே புள்ளியில் நின்றால் தோண்டலாம். திரும்பியதும் ஒலி நகர்ந்தாலோ மறைந்தாலோ பெரும்பாலும் வளைந்த ஆணிதான்.

தேடத் தொடங்குமுன் உலோகம் இல்லாத ஒரு இடத்தில் வட்டை மேலும் கீழும் ஆட்டி மண்ணுக்கு ஏற்பச் சமன் செய்துகொள்ளுங்கள். எரிந்த மண்ணில் காந்தத்தன்மை கூடுதலாக இருக்கும். பழைய அடுப்பு, சூளை இருந்த இடத்தில் டிடெக்டர் தடுமாறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழையபாதை எழுதியது:

எனக்குத் தேடுவதை விட இடத்தைப் படிப்பதுதான் பிடிக்கும், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

மக்கள் எங்கே குனிந்தார்கள், எங்கே காசை எண்ணினார்கள், எங்கே சுமையை இறக்கி வைத்தார்கள் என்று யோசியுங்கள். காசு விழுவது அங்கேதான். கிணற்றடி, ஆற்றைக் கடக்கும் துறை, இரண்டு பாதை சேரும் இடம், சந்தை கூடிய திடல், மேட்டில் ஏறிவந்தவர் மூச்சு வாங்க நிற்கும் நிழல். வீட்டுக்குள் தொலைந்த காசு பெருக்கும்போது கிடைத்துவிடும். பாதையில் தொலைந்தது கிடைப்பதில்லை.

பழைய நில அளவை வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மறைந்த பாதைகள் வயல் எல்லைகளாக, நேர்கோடாகப் போகும் புதர்வரிசையாக மிஞ்சியிருக்கும். வறட்சியான மாதத்தில் எடுத்த வான்படம் கிடைத்தால் இன்னும் நல்லது. புதைந்த சுவருக்கு மேலே பயிர் சீக்கிரம் வாடும், புதைந்த பள்ளத்துக்கு மேலே செழிப்பாக நிற்கும். மேலே நின்று பார்த்தால் வீட்டின் அளவு கோடு போட்டதுபோலத் தெரியும்.

பானை ஓடுகளையும் கவனியுங்கள். அவற்றை எடுக்க வேண்டாம், எங்கே அடர்த்தி என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஓடு அடர்த்தியாக இருக்கும் இடம் குடியிருப்பு. வயல் முழுக்க ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடந்தால், குப்பை கலந்த எருவோடு வந்து விழுந்தவையாக இருக்கலாம். டிடெக்டரை எடுக்காமலேயே உங்கள் ஊருக்கு எல்லை போட்டுவிடலாம்.

புதுமண் எழுதியது:

சரி, கீழ் அடுக்கைத் தொடக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உழவு மண்ணைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி. அதுதான் ஏற்கெனவே கலைந்துவிட்டதே? உரம் போடுகிறார்கள், இயந்திரம் நசுக்குகிறது. நான் எடுக்காவிட்டால் இன்னும் ஐம்பது வருடத்தில் அந்தக் காசு பொடியாகிவிடும். அதை எடுத்து, எங்கே எடுத்தேன் என்று குறிக்காமல் போனால் என்ன குறைந்துவிடும்? அடுத்து, அலுவலகத்தில் காட்டினால் பொருள் திரும்பி வராது என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அதையும் பேசாமல் போக முடியாது.

மண்ணடுக்கு எழுதியது:

நல்ல கேள்விகள். முதலில் உழவு மண்.

மேல் கீழ் கலைந்துவிட்டது உண்மைதான். ஆனால் பக்கவாட்டில் பொருள்கள் பெரும்பாலும் சில மீட்டருக்குள்தான் நகர்கின்றன. ஒரு காசு தனியாக எதையும் சொல்லாது. நூறு பொருளின் இடம் தெரிந்தால் அது ஒரு படம்.

அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1876-இல் கஸ்டர் என்ற ராணுவ அதிகாரி நேரடியாக நடத்திய படைப்பிரிவு அழிந்தது. அந்தக் குழுவில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. என்ன நடந்தது என்பதைப் பற்றி நூறு வருடத்துக்கு மேல் வாதம் ஓடியது. 1983-இல் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. அதன்பின் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர்கள் டிடெக்டர் வைத்திருந்த தன்னார்வலர்களை வரிசையாக நடக்கவைத்தார்கள். சத்தம் கேட்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு கொடி. ஒவ்வொரு தோட்டாக் கூட்டுக்கும் அளந்த இடம். கூட்டின் அடியில் துப்பாக்கி ஊசி பதித்த தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அதை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி எங்கே சுட்டது, அடுத்து எங்கே நகர்ந்தது என்று கோடு போட்டார்கள். சந்தையில் ஒரு மதிப்பும் இல்லாத பித்தளைக் கூடுகள் அவை. யாராவது முன்னாலேயே வந்து பையில் அள்ளிப்போயிருந்தால் அந்தக் கோடுகள் கிடைத்திருக்காது.

இன்னொன்று ஜெர்மனியில். கி.பி. 9-இல் ரோமானியர்களின் மூன்று லீஜியன் படைகள் காட்டில் அழிந்த இடத்தை அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தேடினார்கள். டோனி கிளன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1987-இல், உள்ளூர்த் தொல்லியலாளரிடம் அனுமதி பெற்று, கால்க்ரீஸ் என்ற இடத்தில் தேடினார். வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ஆனால் காசு வியாபாரியுடையதாகவும் இருக்கலாமே? அடுத்த ஆண்டு கிடைத்த மூன்று ஈயக் கவண்குண்டுகள்தான் அங்கே படை இருந்தது என்பதைக் காட்டின. அதன்பின் தொடங்கிய அகழாய்வில் போர்க்களமே வெளிவந்தது.

தூர்ந்தகிணறு, உங்கள் முதல் பதிவில் மூன்று ஈய உருண்டை என்று எழுதியிருந்தீர்கள். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவை எங்கே கிடைத்தன?

அப்புறம் இரண்டாவது கேள்வி. பயம் நியாயமானது, சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் காட்டாமல் போனவர்களின் கதையையும் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2015-இல் லெமின்ஸ்டர் பக்கத்தில் இரண்டு பேருக்கு வைக்கிங் காலப் புதையல் கிடைத்தது. ஏறத்தாழ 300 காசு இருந்திருக்க வேண்டும். தெரிவிக்காமல் விற்றார்கள். 2019-இல் சிறைக்குப் போனார்கள். அப்போது மீண்டிருந்தது 31 காசு மட்டும். அவற்றில் சில, வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட், மெர்சியா அரசர் இரண்டாம் கியோல்வுல்ஃப் என்ற இரண்டு பேர் பெயரிலும் ஒரே அச்சு வடிவத்தில் அடித்தவை; இரண்டு ஆட்சியாளர்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வடிவம் அது. கியோல்வுல்ஃபைக் கைப்பாவை என்று பழைய நூல்கள் ஒதுக்கின. காசு வேறு மாதிரிச் சொல்கிறது. மீதிக் காசுகள் என்ன சொல்லியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

முறையாகத் தெரிவித்திருந்தால் அந்த நாட்டில் பரிசுத் தொகை கண்டெடுத்தவருக்கும் நில உரிமையாளருக்கும் பிரிந்திருக்கும். புதையல் அல்லாத பொருளைப் பதிவு செய்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். 1997-இல் தொடங்கிய அந்தப் பதிவுத் திட்டத்தில் இன்று 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. இந்தியாவின் 1878 சட்டத்திலும், உரிமை கோருபவர் இல்லாத புதையலில் கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்கு உரியவருக்குக் கால் என்று இருக்கிறது. தெரிவிக்காமல் மறைத்தால் அந்தப் பங்கும் போகும், சிறையும் உண்டு.

செப்புக்காசு எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே குழியில் இரண்டாவது காசு வந்தால் நிறுத்துங்கள். மூன்றாவது வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பதறாத காரியம் சிதறாது என்பது இதற்கே சொன்னது போல இருக்கும்.

2010-இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் பக்கத்தில் டேவ் கிரிஸ்ப் என்பவர் பானையின் வாயைப் பார்த்தவுடன் தோண்டுவதை நிறுத்திவிட்டு ஆட்களை அழைத்தார். பானைக்குள் 52,503 ரோமானியக் காசுகள், 160 கிலோ எடை. தொல்லியலாளர்கள் அடுக்கடுக்காக எடுத்தார்கள். இருப்பதிலேயே பிந்திய அரசரான கரௌசியஸின் காசுகளில் பெரும்பகுதி பானையின் கீழ்ப்பகுதியில் இருந்தது! வருடாவருடம் சேமித்துப் போட்டிருந்தால் அவை மேலே அல்லவா இருக்க வேண்டும்? அப்படியென்றால் காசுகள் ஒரே முறையாகக் கொட்டப்பட்டிருக்கின்றன. காணிக்கையாகப் புதைத்தார்களா என்ற கேள்வியே அதனால்தான் எழுந்தது. அவர் ஆசைப்பட்டு அள்ளியிருந்தால் காசு அத்தனையும் கிடைத்திருக்கும், இந்தச் சேதி மட்டும் கிடைத்திருக்காது.

நேப்ரா வட்டின் கதை இதற்கு நேர்மாறு. வெண்கலத் தகட்டில் சூரியனும் பிறையும் நட்சத்திரங்களும் தங்கத்தில் பதித்த, ஏறத்தாழ 3,600 ஆண்டுக்கு முன் புதைக்கப்பட்ட பொருள். 1999-இல் ஜெர்மனியில் அனுமதியில்லாமல் தேடிய இரண்டு பேர் தோண்டும்போதே அதைக் காயப்படுத்தினார்கள். 2002-இல் பாசல் நகரத்தில் போலீஸ் வலை விரித்துத்தான் மீட்டது. அந்த வெட்டு இன்றும் வட்டின் ஓரத்தில் இருக்கிறது.

தூர்ந்தகிணறு எழுதியது:

மண்ணடுக்கு அக்காவின் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. மூன்று உருண்டையையும் எங்கே எடுத்தேன் என்று குறிக்கவில்லை. பையில் போட்டதோடு சரி.

இன்று எடை போட்டேன். இரண்டு முழு உருண்டை, குறுக்களவு 17.4 மி.மீ., எடை 31 கிராம் சுமார். மூன்றாவது ஒரு பக்கம் நசுங்கி முட்டைபோல இருக்கிறது, எடை ஏறத்தாழ அதே. ஒன்றில் மெல்லிய கோடு ஒன்று சுற்றிப் போகிறது.

செப்புக்காசு எழுதியது:

தம்பி, இவை துப்பாக்கிக் குண்டுகள். சுற்றிப் போகும் கோடு அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம். நசுங்கியதன் குறுக்களவை அளக்க முடியாது, ஆனால் எடையிலிருந்து கணக்கிடலாம். ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.34 கிராம். 31 கிராம் என்றால் முழுதாக இருந்தபோது 17.3 மி.மீ. சுமார். பிரவுன் பெஸ் என்று பெயர் பெற்ற பிரிட்டிஷ் துப்பாக்கிக்கு இந்த அளவைச் சுற்றித்தான் குண்டு வார்த்தார்கள். குழாய் 19 மி.மீ., குண்டு அதைவிடச் சற்றுச் சிறியது. 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் பல கண்டங்களில் இருந்த துப்பாக்கி அது. அதனால் அளவை மட்டும் வைத்து யார் சுட்டார்கள் என்று சொல்லிவிடக் கூடாது. வேட்டையாகவும் இருக்கலாம்.

முழு உருண்டை பெரும்பாலும் சுடாமல் கைதவறி விழுந்தது. நசுங்கியது சுட்டு எதிலோ மோதியது. எது எங்கே கிடக்கிறது என்று தெரிந்தால், ஆள் நின்ற இடமும் குறிவைத்த இடமும் தெரியும்.

வெள்ளைப் பூச்சைத் தேய்க்க வேண்டாம், அது ஈயத்தின் மேல் படிந்த காப்பு. தொட்டபின் கை கழுவுங்கள். மரப்பெட்டியில், குறிப்பாக ஓக் பெட்டியில், வைக்காதீர்கள். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். இன்னொன்று, துப்பாக்கிக் காலத்து இடம் என்பதால் சொல்கிறேன். உருண்டையான பெரிய இரும்போ, நீள உருளையோ தென்பட்டால் அது வெடிக்காத குண்டாக இருக்கலாம், தொடாமல் பின்வாங்கிப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

பழையபாதை எழுதியது:

இடம் குறிக்க ஒரு வழி. கைப்பேசி காட்டும் இடம் மூன்று நான்கு மீட்டர் தள்ளிப்போகலாம். அசையாத இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குக் கிணற்றின் விளிம்பும் எல்லைக் கல்லும் இருக்கின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் அந்த இரண்டிலிருந்தும் நாடா வைத்து அளந்து எழுதுங்கள். வீட்டுக்கு வந்து காகிதத்தில் காம்பஸால் இரண்டு வில் போட்டால், பொருள் கிடைத்த பக்கத்தில் அவை சேரும் இடம்தான் அது. கிடைத்த கையோடு சின்ன உறையில் போட்டு எண் எழுதிவிடுங்கள். 'ராத்திரி எழுதிக்கொள்ளலாம்' என்று விட்டால் இரண்டாவது நாளே குழம்பும்.

ஆணியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரே இடத்தில் நாற்பது ஆணி என்றால் அங்கே ஒரு கதவோ கூரையோ விழுந்து மக்கியிருக்கிறது.

புதுமண் எழுதியது:

என்னிடம் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய ஈய உருண்டைகள் இருக்கின்றன. நான்கு வெவ்வேறு வயல்களில் எடுத்தவை, எல்லாம் கலந்துவிட்டன. உருக்கி எடைக்கட்டி செய்யலாம் என்று வைத்திருந்தேன். வயல் எது என்று கூட இப்போது பிரிக்க முடியாது. இனிமேல் உறையும் நாடாவும் எடுத்துப் போகிறேன். அலுவலகத்தைப் பற்றிய பயம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மண்ணடுக்கு எழுதியது:

உருக்காதீர்கள். நான்கு வயலின் பெயரையும் எழுதி ஜாடிக்குள் போட்டு வையுங்கள். வயலைப் பிரிக்க முடியாவிட்டாலும், அந்த வட்டாரத்தில் என்னென்ன அளவுக் குண்டுகள் புழங்கின என்பதாவது எடையிலிருந்து தெரியும்.

தூர்ந்தகிணறு எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன்.

பழையபாதை அண்ணா சொன்னபடி நாடா வைத்து அளந்தேன். சுருள்_12 சொன்னபடி எல்லா உலோகத்தையும் கேட்டுத் தோண்டினேன். நடு எண்களில் வந்தவற்றை முன்பெல்லாம் பாதி விட்டிருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. புதிதாகப் பதினொரு ஈயக் குண்டுகள். எல்லாம் 20 செ.மீ.க்குள். காகிதத்தில் புள்ளி வைத்தபோது நண்பரின் தந்தையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நசுங்காத ஏழும் பழைய பாதை போன கோட்டை ஒட்டி, ஏறத்தாழ நாற்பது மீட்டர் நீளத்துக்குள் வருகின்றன. நசுங்கிய நான்கும் மேட்டின் பாதையைப் பார்த்த சரிவில். அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

படத்தையும் உறைகளையும் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். பொருளை விடப் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். அடுத்த வாரமே இரண்டு பேர் வந்து வயலைப் பார்த்தார்கள். இது சண்டையா, வேட்டையா, ஊர் காலியானதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அறுவடை முடிந்ததும் சரிவு முழுக்க இரண்டு மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டி வரிசையாகத் தேடப்போகிறார்கள், என்னையும் டிடெக்டரோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அந்தப் பகுதியில் நான் தேடுவதில்லை. காசைச் சாய்வு வெளிச்சத்தில் படம் எடுத்தேன். ஓரத்தில் மூன்று எழுத்துத் தடம் தெரிகிறது. அதை நாணயம் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு அவர்களே அனுப்பியிருக்கிறார்கள்.

முதலில் எடுத்த மூன்று குண்டுகளையும் தனி உறையில் போட்டு 'இடம் தெரியாது' என்று எழுதி வைத்திருந்தேன். நேற்று கைப்பேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, முதல் நாள் உள்ளங்கையில் நசுங்கிய குண்டை வைத்து எடுத்த படம் ஒன்று கிடைத்தது. கைக்குப் பின்னால் கிணற்றின் விளிம்பும் அதற்கு அப்பால் எல்லைக் கல்லும் தெரிகின்றன. இன்று காலை வயலுக்குப் போய், படத்தில் இருப்பதுபோல இரண்டும் பொருந்தும் வரை நகர்ந்து நகர்ந்து நின்றேன். ஐந்து மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் சரிவில்தான். படத்தில் அந்தப் புள்ளியைப் பென்சிலில் வைத்திருக்கிறேன். உறையில் இப்போது இரண்டு இருக்கின்றன.